1100 டிலைட்: எச்சரிக்கை விளக்குப் பட்டையைப் புதிதாகச் செய்வது எப்படி?

செம்மண்சாலை, பள்ளத்தூர்

வண்டி 1967 ஃபியட் 1100 டிலைட். ஐயா வாங்கியது. அவருக்குப் பிறகு ஷெட்டிலேயே நின்றுவிட்டது. என்ஜின், பிரேக், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ எல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டது. இப்போது நிற்பது டேஷ்போர்டு விளக்குகளில்.

மீட்டர் கூட்டில் பல்புகளுக்கு முன்னால் இருக்கும் நிறப் பட்டை வெளிறிப்போய், விரல் பட்டாலே உதிர்கிறது. பகலில் எது சிவப்பு, எது பச்சை என்று தெரியவில்லை. பின்னால் ஹோல்டர்கள் மாட்டியிருக்கும் தகடும் துரு. பிரைட் போட்டால் வரும் நீல விளக்கு, டேஷ்போர்டைத் தட்டினால்தான் எரிகிறது. இன்னொன்றும் கவனித்தேன்: பகலில் இண்டிகேட்டர் போட்டால் பச்சையோடு மீட்டரின் உள்விளக்கும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சொல்லிவைத்தேன். கண்ணில் பட்ட பழைய மீட்டர்களிலும் பட்டை இதே கதிதான். அறுபது வருஷத்துக்கு முந்தைய பிளாஸ்டிக் வேறு எப்படி இருக்கும்? அதனால் புதிதாகவே செய்துவிடலாம் என்று முடிவு.

மனதில் உள்ளது இதுதான்: 3 மி.மீ. அக்ரிலிக்கில் முகப்பு, லேசர் கட்டிங். பின்னால் பெட்டி 3டி பிரிண்டில், பிஎல்ஏ பிளாஸ்டிக்கில். சார்ஜ், ஆயில், பெட்ரோல் ரிசர்வ், இண்டிகேட்டர், பிரைட் ஐந்துக்கும் எல்இடி. பார்வைக்கு மூலப் பட்டை போலவே இருக்க வேண்டும். ஆயில் லைட்டை நம்ப முடியாத வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் ஏற எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி_லேசர், காரைக்குடி

நான் ஸ்டிக்கர், அக்ரிலிக் போர்டு வேலை செய்பவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பிஎல்ஏவை மறந்துவிடுங்கள். அது 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். பெட்டி வளைந்து பல்பு வேறு பக்கம் பார்க்கும். 3டி பிரிண்ட்தான் வேண்டுமென்றால் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள். இரண்டும் 100 டிகிரி வரை தாங்கும். ஏஎஸ்ஏ வெயிலுக்கும் நிற்கும்.

அளவு எடுக்கும்போது பழைய பட்டையைக் கழற்றி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தட்டையாகப் படியாவிட்டால் மெல்லிய ஸ்கேனர்கள் மங்கலாக்கிவிடும். அப்படியானால் போனைத் தள்ளி வைத்து ஜூம் பண்ணி நேர் மேலிருந்து படம் எடுங்கள். கிட்டத்தில் எடுத்தால் ஓரம் வளையும். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த பிறகு காகிதத்தில் அசல் அளவில் பிரிண்ட் போட்டு, வெட்டி, மீட்டரில் பொருத்திப் பாருங்கள். காகிதம் சரியாக உட்காராமல் அக்ரிலிக் வெட்டவே வேண்டாம்.

லேசர் கோடு 3 மி.மீ. அக்ரிலிக்கில் ஏறக்குறைய 0.2 மி.மீ. அகலம் தின்னும். துளை அந்த அளவு பெரிதாகும், துண்டு அந்த அளவு சிறிதாகும். திருகுத் துளைக்கு இது நல்லது, வெளி ஓரத்துக்கு நல்லதல்ல. வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அச்சு எப்போதும் பின்பக்கம், கண்ணாடிப் பிம்பமாக. முன்பக்கம் அச்சடித்தால் துணி போட்டுத் துடைத்துத் துடைத்தே போய்விடும். வரிசை முக்கியம்: முதலில், விளக்கு தெரியும் ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கும் கறுப்பு. அது காய்ந்த பிறகு ஜன்னல்களில் நிறம். எங்கள் ஊர் டைல் போடுகிற மாதிரிதான். கண்ணாடித் தட்டின் மேல் முதலில் ஊற்றும் வண்ணம்தானே முகம். மற்றதெல்லாம் அதன் முதுகில் ஏறும். கறுப்பு முன்னால் இருப்பதால் ஜன்னல் ஓரம் கத்தி போல் தெரியும், நிறம் கொஞ்சம் வழிந்திருந்தாலும் மறைந்துவிடும். ஒரே ஒரு பட்டைக்கு ஸ்க்ரீன் போடச் செலவு அதிகம் என்றால், ஒளி ஊடுருவாத கறுப்பு வினைல் ஸ்டிக்கரை பிளாட்டரில் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்) வெட்டி ஒட்டி, பின்னால் ஒளி ஊடுருவும் நிற வினைல் வைக்கலாம். அதுவும் அழகாக வரும்.

கல்லல்_எலக்ட்ரீஷியன்

தம்பி, எல்இடி போடாதீங்கன்னு நான் சொல்லல. எதுக்குப் போடலாம், எதுக்குப் போடக் கூடாதுன்னு சொல்றேன்.

மொதல்ல நீங்க சொன்ன கோளாறு. பச்சையோட மீட்டர் லைட்டும் சேர்ந்து துடிக்குதுன்னா தகட்டுக்கு எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற பாதை, விட்டுப்போச்சு. பச்சை பல்பு வழியா வந்த கரண்ட் தகட்டுல எர்த் கிடைக்காம, மீட்டர் லைட் வழியா திரும்பிப் போயி பார்க்கிங் லைட்டுல எர்த் தேடுது. ரெண்டு பல்பும் சீரிஸ்ல நிக்குறதால மங்கல். பிரைட் லைட்டைத் தட்ட வேண்டியிருக்கிறதும் அதே வியாதிதான். பிளாஸ்டிக் பெட்டி வெச்சீங்கன்னா இந்த எர்த்து மொத்தமாப் போயிரும், தனி ஒயர் இழுக்கணும்.

இப்ப விளக்குக்கு வருவோம். அஞ்சும் ஒரே மாதிரி தெரிஞ்சாலும் ஒயரிங் ஒண்ணு இல்ல.

ஆயில் லைட்டுக்கு ஒரு பக்கம் சாவி போட்டா வர்ற 12 வோல்ட், இன்னொரு பக்கம் என்ஜின்ல இருக்குற ஆயில் சுவிட்ச். பிரஷர் இல்லாதப்ப சுவிட்ச் எர்த் குடுக்கும், எரியும். பிரஷர் வந்ததும் விட்டுரும், அணையும். ரிசர்வ் லைட்டும் இப்படித்தான், டேங்க் மிதவை அடியில போனா எர்த் குடுக்கும். பிரைட்டுக்கு ஹெட்லைட் ஒயர்ல இருந்து சப்ளை, எர்த் தகட்டுல. உங்க பச்சையும் தகட்டுல எர்த் ஆகுற வகைதான், அந்தத் துடிப்பே சொல்லுது. சில வண்டியில பச்சை பல்பு இடது லைனுக்கும் வலது லைனுக்கும் நடுவுல நிக்கும், எர்த்தே கிடையாது. அங்க ஒத்தை எல்இடி போட்டா ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எரியும். ஒண்ணுக்கொண்ணு தலைகீழா ரெண்டு வைக்கணும்.

சார்ஜ் லைட் தனி ஜாதி. ஒரு பக்கம் சாவி 12 வோல்ட், மறு பக்கம் டைனமோ லைன். டைனமோ ஓடாதப்ப அந்தப் பக்கம் எர்த் மாதிரி, எரியும். டைனமோ வோல்ட் ஏறி பேட்டரிக்குச் சமமா வந்ததும் ரெண்டு பக்கமும் ஒண்ணு, அணைஞ்சிரும். நடுவுல எவ்வளவு வித்தியாசம் இருக்கோ அவ்வளவு வெளிச்சம். ஐடில்ல லேசா மினுங்கி, ரேஸ் குடுத்தா அணைஞ்சா அது டைனமோவோட இயல்பு. ரோட்டுல நல்ல வேகத்துல போறப்பவும் உள்ளுக்குள்ள செவப்பா ஒரு கம்பி மட்டும் தெரிஞ்சா, கட்டவுட் (டைனமோவை பேட்டரியோட சேர்த்து, பிரிச்சு விடுற சுவிட்ச்) பாயின்ட் கருகியிருக்கு, இல்ல ஒரு கனெக்ஷன் லூஸ். நான் எத்தனையோ வண்டியில பெல்ட்டு வழுக்குறதையே அந்த மினுங்கலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்கேன். எல்இடிக்கு அந்த மங்கல் தெரியாது. சின்ன வித்தியாசத்துக்கு அணைஞ்சே கிடக்கும். அதனால சார்ஜுக்குப் பழைய 3 வாட் பல்பேதான்.

ஆயிலுக்கும் பல்பே வைங்க. காரணம் வேற. அந்த சுவிட்ச் பாயின்ட் கால் ஆம்பியர் பல்புக்குன்னு செஞ்சது. பத்து மில்லிஆம்பியர்ல ஓட்டுனா பாயின்ட்ல படியிற அழுக்கைக் கிழிச்சுக்கிட்டு கரண்ட் போகாம நிக்கலாம். எரிய வேண்டிய நேரத்துல எரியாத ஆயில் லைட் இருக்குறதுக்கு இல்லாமலே இருக்கலாம், இல்லைன்னா ஆளாவது ஜாக்கிரதையா இருப்பான்.

வட்ட_ஹெட்லைட், தேவகோட்டை

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன சார்ஜ் லைட் விஷயத்தை ஆல்டர்னேட்டர் மாற்றியவர்களும் கவனிக்க வேண்டும். என்னுடையது அம்பாஸடர் மார்க் 2. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டோம். ஒரு பட்டறையில் மீட்டர் பல்புகள் எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறவே ஏறாது. நன்றாக ரேஸ் கொடுத்த பிறகுதான் பிடிக்கும். ஊர்வலம் போல மெதுவாகப் போகும் நாட்களில் பேட்டரி இறங்கிவிடும்.

ஆல்டர்னேட்டருக்கு ஆரம்பத்தில் காந்தம் ஏற்றும் கரண்டே அந்த சார்ஜ் பல்பு வழியாகத்தான் போகிறது. டைனமோவுக்கு உள்ளே மிச்சக் காந்தம் இருக்கும், பல்பு இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டருக்கு அது போதாது. கடைசியில் எல்இடிக்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்ததும் சரியானது. 12 வோல்ட்டில் அதன் வழியே 176 மில்லிஆம்பியர் போகும், அதாவது 2.2 வாட் பல்பு இழுக்கும் அளவு. ஆனால் ரெசிஸ்டர் சுடும். பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள்.

செம்மண்சாலை

இவ்வளவு விளக்கமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் அண்ணே, அப்படியானால் சார்ஜ், ஆயில் இரண்டுக்கும் பல்பு, மீதி மூன்றுக்கு எல்இடி என்று வைத்துக்கொள்கிறேன். பல்புச் சூட்டுக்கு ஏபிஎஸ் பெட்டி தாங்குமா? ரிசர்வ் லைட்டுக்கும் அந்த பாயின்ட் பிரச்சினை வராதா?

கல்லல்_எலக்ட்ரீஷியன்

ரிசர்வுக்கும் பல்பே நல்லது தம்பி. சரியாத்தான் கேட்டீங்க. எல்இடி பச்சைக்கும் நீலத்துக்கும் போதும்.

பெட்டிக்கு எதுக்கு பிளாஸ்டிக்? தகரத்துல செய்யுங்க. புது எண்ணெய் டின் தகரம் இருந்தாலே போதும், அதுல ஈயம் நல்லாப் பிடிக்கும். ஒரு நீளத் தொட்டி மாதிரி மடக்கி, நடுவுல நாலு தடுப்பு வெச்சு ஈயம் வெச்சிருங்க. தடுப்பு முன்பக்கம் அக்ரிலிக்கைத் தொடுற உசரத்துக்கு இருக்கணும், இல்லைன்னா ஆயில் எரிஞ்சா பக்கத்து ஜன்னலும் செவக்கும். ஒவ்வொரு அறைக்கும் உள்ள வெள்ளைப் பெயிண்ட், வெளிய கறுப்பு. பல்புக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவுல பதினஞ்சு மில்லியாவது இடைவெளி, மேல ரெண்டு காத்து ஓட்டை. சூட்டைத் தகரம் இழுத்துக்கும்.

ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. சார்ஜ், ஆயில், ரிசர்வ் மூணு ஹோல்டரும் தகரத்துல படவே கூடாது. ரெண்டு ஒயர் வர்ற, பேக்கலைட் (கரண்ட் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக்) அடி வெச்ச ஹோல்டரா வாங்குங்க. ஒயர் எந்தப் பக்கம் வருதுங்கிறதைப் பொறுத்து, பட்டா ஒண்ணு லைட் அணையவே அணையாது, இல்ல பியூஸ் போகும். எர்த் வேணும்கிறது பச்சைக்கும் நீலத்துக்கும்தான். தகரத்துல ஒரு கண்ணி வெச்சு தனியா கறுப்பு ஒயர் இழுத்து, பெயிண்ட் சுரண்டுன பாடி போல்ட்டுல முறுக்குங்க. டேஷ்போர்டு திருகை நம்பாதீங்க.

பினாங்_பேரன், ஜார்ஜ் டவுன்

பூர்வீகம் கானாடுகாத்தான். இங்கே ஒரு மோரிஸ் மைனர் வைத்திருக்கிறேன். அண்ணன்மார்களுக்கு ஒரு துணைக்குறிப்பு: மைனர் கடைசிவரை பாசிட்டிவ் எர்த். பாடிதான் பிளஸ். அதில் எல்இடி வைப்பவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டும். கடையில் வாங்கும் பல்பு வடிவ எல்இடி பலவும் ஒரே திசையில்தான் எரியும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைக்காதீர்கள். வெள்ளை எல்இடியில் நீலம் மிகுதி, ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்பு ஜன்னல் வழியே பார்த்தால் சோகையான ரோஸ் தெரியும். பச்சைக்குப் பச்சை எல்இடி, நீலத்துக்கு நீல எல்இடி. பழைய இழை பல்பில் சிவப்பு தாராளமாக இருப்பதால் உங்கள் சிவப்புகள் மூன்றும் பல்பில் அருமையாக வரும். அந்த வகையிலும் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது சரி.

ரெசிஸ்டர் கணக்கு: சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல எல்இடி 3.2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 11.2. ஐந்து மில்லிஆம்பியர் போதும் என்றால் 2.2 கிலோ ஓம். பச்சையிலும் புது வகை இதே 3.2ஐ ஒட்டித்தான் வரும். கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். எல்இடிக்கு முன்னால் தொடராக, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 4007 டயோடு ஒன்று போட்டுவிடுங்கள். ஹார்ன், காயில் எல்லாம் விடும்போது ஒயரில் தலைகீழ் வோல்ட் பாயும். எல்இடி ஐந்து வோல்ட்டுக்கு மேல் தலைகீழாகத் தாங்காது.

வட்ட_ஹெட்லைட்

படக்குறிகள் போடுவீர்களா? இப்போதைய வண்டிகளில் எண்ணெய்க் கிண்ணம், பேட்டரி எல்லாம் ஐஎஸ்ஓ 2575 தரப்படி ஒரே மாதிரி இருக்கும். புதிதாக ஓட்டுபவருக்கு வசதி.

செம்மண்சாலை

வேண்டாம் என்று நினைக்கிறேன். 1967இல் அந்த வண்டியில் இல்லாத ஒன்றை முகத்தில் ஏற்ற விருப்பமில்லை. பட்டை ஐயா பார்த்தது போலவே இருக்கட்டும். எது எந்த விளக்கு என்பதை சன்வைசருக்குப் பின்னால் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடுகிறேன். தம்பி வண்டி எடுத்தாலும் தெரியும்.

ஆத்தங்குடி_லேசர்

எரியாதபோது ஜன்னல் கறுத்து, எரிந்தால் மட்டும் நிறம் தெரிய வேண்டும் என்றால் முன்பக்கத்துக்கு லேசான புகைநிற அக்ரிலிக் எடுங்கள். நிறத்துக்குப் பின்னால் பால்வெள்ளைத் தாள் ஒன்று வைத்தால் பல்பின் புள்ளி தெரியாமல் ஜன்னல் முழுதும் ஒரே சீராக எரியும். ஆனால் புகையைக் கூட்டிவிடாதீர்கள். ஆயில் விளக்கு உச்சி வெயிலிலும் தெரிந்தாக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. லேசரில் வெட்டிய அக்ரிலிக் ஓரத்தில் உள்விசை தேங்கியிருக்கும். தின்னர், ஸ்பிரிட், பெட்ரோல் எது பட்டாலும் ஓரத்திலிருந்து மயிர்க்கோடுகளாக விரிசல் ஓடும். பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிடுங்கள், விசை இறங்கிவிடும். துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும். பலகை வாங்கும்போது காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். அது லேசருக்கும் நல்லது, விரிசலும் குறைவு.

செம்மண்சாலை

பட்டை ஏறிவிட்டது. எப்படி வந்தது என்று எழுதுகிறேன்.

தகரப் பெட்டியே செய்தேன். தடுப்புகளின் விளிம்பை அரம் போட்டு ராவி, மெல்லிய கறுப்பு ஃபோம் நாடா ஒட்டி, அதன் மேல் அக்ரிலிக்கை அழுத்தினேன். ஓர் ஜன்னல் எரியும்போது பக்கத்து ஜன்னலில் துளி வெளிச்சம் இல்லை. கறுப்பு வினைல், பின்னால் நிற வினைல், அதன் பின்னால் பால்வெள்ளை. ஸ்க்ரீன் அச்சு போடவில்லை.

சாவியைத் திருப்பினால் இரண்டு சிவப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஸ்டார்ட் ஆனதும் முதலில் ஆயில் அணைகிறது, பட்டென்று. சார்ஜ் அப்படி இல்லை. ஐடிலில் ஜன்னலின் சிவப்பு கருஞ்சிவப்பாக இறங்கி, நடுவில் லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது. ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால் மெல்ல வடிந்து போகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன மினுங்கலை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அதை எல்இடியில் இழந்திருப்பேன்.

பச்சையோடு மீட்டர் விளக்கு துடிப்பது நின்றுவிட்டது. பாடி போல்ட்டுக்கு இழுத்த ஒரு கறுப்பு ஒயர்தான் மருந்து. கண்ணாடி ஏற்றி நடுப்பகல் முழுக்க வெளியே நிறுத்தியும் பார்த்தேன். பட்டை வளையவில்லை, வினைல் சுருங்கவில்லை.

ஒரே குறை, நீலம். இரவில் கண்ணைக் குத்துகிறது. கானாடுகாத்தான் ரோட்டில் விளக்கில்லாத இடத்தில் பிரைட் போட்டால், சாலைக்கு முன் அந்த நீலம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பினாங்_பேரன்

2.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் போடுங்கள். கரண்ட் இரண்டரை மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கும். இரவில் பிரைட் போடும்போது மட்டுமே எரியும் விளக்கு, பகல் வெளிச்சத்தோடு போட்டியிட வேண்டியதில்லை. அப்போதும் குத்தினால் 10 கிலோ ஓம் வரை போகலாம். பச்சையைத் தொடாதீர்கள், அது பகலில் தெரிய வேண்டும்.

கல்லல்_எலக்ட்ரீஷியன்

நல்லா வந்திருக்கு தம்பி. இனிமே மாசம் ஒரு தடவை ஒரு சோதனை பண்ணிக்குங்க. சாவி போட்டு, ஆயில் சுவிட்ச் ஒயரைக் கழட்டுனா லைட் அணையணும். ஒயரை என்ஜின் பிளாக்குல தொட்டா எரியணும். கழட்டியும் எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஒயர் எங்கயோ தேஞ்சு பாடியில உரசுது. தொட்டும் எரியலைன்னா பல்போ ஹோல்டரோ. ரெண்டும் சரியா இருந்து, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லைட் வரலைன்னா சுவிட்சை மாத்துங்க. பிரஷர் ரொம்ப விழுந்த பெறகுதான் அந்த லைட் வரும், அளவு காட்டுற மீட்டர் இல்ல அது. ஓட்டும்போது எரிஞ்சா அந்த இடத்துலயே என்ஜினை நிறுத்தணும், பக்கத்து ஊரு வரைக்கும் போயிரலாம்னு நெனைக்கக் கூடாது.

வட்ட_ஹெட்லைட்

செம்மண்சாலை, உங்கள் கோரல்டிரா வரைபடம் இன்னும் இருந்தால் அளவுகளோடு இங்கே போடுங்கள். என் அம்பாஸடருக்கு ஜன்னல் இடைவெளி வேறு என்றாலும் தடுப்பு, ஹோல்டர் துளை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

செம்மண்சாலை

போடுகிறேன் அண்ணே. தகரத்தை மடக்கும் கோடுகளையும், எந்த ஹோல்டர் எர்த், எது தனி என்பதையும் வேறு வேறு நிறத்தில் குறித்துத் தருகிறேன். உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் இருப்பதால் அந்த 68 ஓமுக்கு மட்டும் பெட்டிக்கு வெளியே ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்களும் சார்ஜுக்குப் பழைய பல்பையே மாட்டிவிடலாம், ரெசிஸ்டரே வேண்டியதில்லை.